சுன்னாகத்துக்கு ஒரு பூங்கா

சுன்னாகம் புகையிரத நிலையத்தில் இறங்கிச் சந்தையை நோக்கி நடந்தோம். வாழைக்குலைகளின் மணமும் விலைபேசும் ஆரவாரமும் எதிர்கொண்டன. “இந்த ஊருக்கும் ஒரு பூங்கா வேண்டாமா?” என்றார் உடன்வந்த நண்பர். வேண்டுவதுதான். ஆயினும் விளையும் செம்மண்ணில் நாலு பரப்பை விட்டுக்கொடுத்தபின், அது பயன்பட்டதா என்பதை எவ்வாறு அறிவது?

அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றிலே பிலடெல்பியா நகரத்துச் சதுக்கங்கள் நான்கினை ஒப்பிட்டார். ஒரே திட்டத்தில் வகுக்கப்பட்டவை அவை. ரிட்டன்ஹவுஸ் சதுக்கமோ காலைமுதல் இரவுவரை மக்களாற் பொலிந்தது. சுற்றிலும் வீடுகள், கடைகள், இசைப்பள்ளி. ஒருவர் போக மற்றொருவர் வருவர். அலுவலகங்கள் சூழ்ந்த வாஷிங்டன் சதுக்கம் அவ்வாறு வாழவில்லை. பூவும் புல்லும் அல்ல, அயலே பூங்காவை வாழவைக்கிறது. நம் முன்னோரின் சுமைதாங்கியும் மடமும் கேணியும் மனிதர் நடக்கும் வழியிலேதானே நின்றன!

“சந்தைக்கு எட்டத்தில் வேண்டாம், கதவுக்குப் பூட்டும் வேண்டாம். திறந்த மறுவருடம் பின்னேரம் வந்து பார்ப்போம், முதியோர், பெண்கள், பிள்ளைகள் எல்லோரும் இருந்தாற் சரி” என்றேன்.

“அதற்கு முதல் வேம்பை நட்டுவிட வேண்டும். நிழல் வரப் பல வருடம் செல்லும்” என்றார் நண்பர்.