மூணா, நாலா?

ஈகிள்ஸின் ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’வில் பாட்டு முடிந்த பிறகுதான் விசேஷம். 1976 டிசம்பரில் வந்த ஆல்பம். டான் ஃபெல்டரும் ஜோ வால்ஷும் கொஞ்ச நேரம் மாறி மாறி கிடார் வாசித்துவிட்டு, கடைசியில் கைகோத்துக்கொண்டு படியிறங்கி வருவார்கள். வாசிப்பது ஆளுக்கொரு ஸ்வரம். கேட்பதென்னவோ ஒரே பேச்சு.

இது எப்படி?

எங்கள் ஃப்ளாட்டில் மாடி வீட்டுப் பையன்கள் கல்லூரி விழாவுக்காக இதைப்போல ஒன்று தயார் செய்தார்கள். தம்பி ட்யூனை வாசிக்க, அண்ணன் அதையே அதே தந்தியில் 4 ஃப்ரெட் தள்ளி வாசித்தான். ‘தேர்ட்’ என்றால் 4 ஃப்ரெட் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். முதல் ஸ்வரம் தேன். இரண்டாவதில் பல் கூசியது. ‘உனக்குக் காதே இல்லடா’ என்று பரஸ்பரம் திட்டிக்கொண்டு, மூன்றாம் நாள் தம்பி கிடாரையே விற்றுவிடப்போவதாக அறிவித்துவிட்டான்.

அவர்கள் அம்மா வீணை வாசிப்பவர். வீணையிலும் ஒரு ஸ்தாயிக்கு 12 மெட்டுதான். கிடாரிலும் 12 ஃப்ரெட்தான்.

“ச-வுக்கு க போட்டே, சரி. ரி-க்கு என்ன போட்டே?”

“அதே 4 தள்ளிம்மா.”

“அது பிரதி மத்யமம்டா. நீங்க வாசிக்கறது சங்கராபரணம். நடுவுல கல்யாணிக்கு என்ன வேலை?”

வழக்கு முடிந்தது. காதில் குறையில்லை, கணக்கில்தான். கிடாரும் வீட்டிலேயே தங்கிவிட்டது.

ஃப்ரெட்டை எண்ணக் கூடாது, ஸ்வரத்தை எண்ண வேண்டும். ச என்றால் க, ரி என்றால் ம, க என்றால் ப. ஒன்று விட்டு ஒன்று. ராகத்துக்கு வெளியே கால் வைக்கக் கூடாது. இப்படி எண்ணினால் ஃப்ரெட் தூரம் தானாக மாறும். ச-க, ம-த, ப-நி இவற்றுக்கு நடுவே 4. ரி-ம, க-ப, த-ச, நி-ரி இவற்றுக்கு 3. 4 என்றால் மேஜர் தேர்ட், 3 என்றால் மைனர். முதலாவது கொஞ்சம் சிரிக்கும், இரண்டாவது கொஞ்சம் யோசிக்கும். இரண்டும் கலந்து வருவதால்தான் ஜோடி கிடார் அலுப்பதில்லை.

இன்னொரு நிபந்தனை: அடியில் ஓடும் கார்டும் சம்மதிக்க வேண்டும். ச-க-ப கார்டு ஒலிக்கும்போது ட்யூன் ப-வில் நின்றால், கணக்குப்படி மேலே நி. அது கார்டில் இல்லை; கீழே இருக்கும் ச-வோடு லேசாக உரசும். அங்கே இன்னும் ஒரு படி ஏறி மேல் ச-வைப் பிடித்தால் நிம்மதி. ஜோடியாக வாசிப்பவர்கள் தேர்டிலிருந்து அவ்வப்போது ஃபோர்த்துக்கு நழுவுவது இதனால்தான். துணைக் குரல் ரொம்ப உயரத்தில் கத்துகிறதா? அதை அப்படியே ஒரு ஸ்தாயி இறக்கிவிடலாம். க கீழே போனால், அங்கிருந்து ச ஆறாவது ஸ்வரம். அதற்குப் பெயர் சிக்ஸ்த். உறவு அதேதான், இடம்தான் மாறியிருக்கிறது.

ராக் ஆசாமிகள் ‘பவர் கார்டு’ என்று ச-ப மட்டும் வாசித்து க-வைக் கைவிடுவதற்கும் காரணம் உண்டு. இயற்கையான ச-ப உறவு 3-க்கு 2, அதாவது 1.5. கிடாரில் அது 1.498, கிட்டத்தட்ட சரி. ச-க 5-க்கு 4, அதாவது 1.25. கிடார் தருவதோ 1.26. ஸ்தாயியை 12 சம பாகமாக வெட்டியதற்குக் கொடுத்த விலை இது. மெதுவாக மீட்டினால் தெரியாது. டிஸ்டார்ஷனைப் போட்டு அலறவிட்டால் இந்தச் சின்ன வித்தியாசம் கரகரவென்று பூதாகாரமாகும்.

சுத்தமான அந்த 1.25-ஐக் கேட்க ஒரு வழி இருக்கிறது. சுருதி சேர்த்த தம்புராவில் ப, ச இரண்டுதான் மீட்டுகிறார்கள். ஆனாலும் கூர்ந்து கேட்டால் அந்தர காந்தாரம் மெல்ல எழும்பும். யாரும் வாசிக்காத அந்த ஸ்வரத்துக்கு சுயம்பு காந்தாரம் என்று பெயர். தந்தி தன் 5 மடங்கு அதிர்விலும் கொஞ்சம் பாடிக்கொள்வதால் வருவது.

ச-வுக்குத் துணை க என்பதை எந்த கிடார்காரரும் கண்டுபிடிக்கவில்லை. ஒற்றைத் தந்திக்குள்ளேயே அது இருந்திருக்கிறது.