கொடும்பாளூரில் காது கொடுத்தால்...

கொடும்பாளூர் என்றதும் நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு வானதிதான் ஞாபகத்துக்கு வருவாள். எடுத்ததற்கெல்லாம் மயங்கி விழுந்தே ராஜகுமாரனைப் பிடித்த புத்திசாலி! 2022-ல் சினிமா வேறு வந்துவிட்டதா, 'வானதி அரண்மனை எந்தப் பக்கங்க?' என்று விசாரிக்கிற கோஷ்டிகள் கிளம்பிவிட்டன. அரண்மனையெல்லாம் கிடையாது. திருச்சியிலிருந்து மதுரை ரோட்டில் விராலிமலை தாண்டிக் கொஞ்ச தூரம். இறங்கி விசாரித்தால் மூவர் கோயிலுக்கு வழி சொல்வார்கள்.

கட்டியவர் இருக்குவேளிர் குலத்து பூதி விக்கிரமகேசரி. சோழர்களுக்கு வேண்டியவர். அவருக்கு இரண்டு மனைவிகள்: கற்றளி, வரகுணை. தன் பேரில் ஒன்று, ஆளுக்கொன்று என்று மூன்று கோயில் எழுப்பியதாகக் கல்வெட்டு சொல்கிறது. ஒன்று கட்டி ஒன்றை விட்டிருந்தால் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று கல்யாணமானவர்களுக்குப் புரியும். இன்றைக்கு நிற்பது இரண்டுதான். மூன்றாவதுக்கு அடித்தளம் மட்டும் மிச்சம். ஆயிரம் வருஷம் தாண்டின கல். பூஜை கிடையாது, மணி கிடையாது, தொல்பொருள் துறையின் புல்வெளி உண்டு. சிற்பங்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது சாயங்காலம் கிளம்புகிற கூட்டத்தைப் பற்றி.

"பூட்டணும் சார், கௌம்புங்க" என்று காவல்காரப் பெரியவர் எங்களை வெளியே அனுப்பிவிட்டார். என்னோடு வந்த ஆபீஸ் நண்பரும் நானும் வேலியோரமாக நின்றோம். மேற்கே வானம் செம்மண் நிறத்தில் இருந்தது. சட்டென்று தலைக்கு மேலே ஒன்று, அப்புறம் நாலு, அப்புறம் எண்ண முடியவில்லை. சின்ன வௌவால்கள், பூச்சி தின்கிற ரகம். நேராகவே பறக்காது. காற்றில் யாரோ கிறுக்குகிற மாதிரி வெட்டி வெட்டி ஒரு பறத்தல்.

"பாவம், கண்ணு தெரியாத ஜென்மம்" என்றார் நண்பர்.

"யார் சொன்னது? உங்களையும் என்னையும் நல்லாவே தெரியும். இருட்டில் கொசு தெரியாது, அவ்வளவுதான். அதுக்குத்தான் கத்துது."

"கத்துதா? எனக்குக் கேக்கலையே!"

கேட்காது. மனுஷக் காதின் எல்லை விநாடிக்கு இருபதாயிரம் அதிர்வு. வௌவால் பெரும்பாலும் அதற்கு மேலேதான் பேசும். சில ஜாதிகள் லட்சத்தையும் தாண்டும். நமக்கு மட்டும் அது கேட்டிருந்தால் அன்றைக்கு மூவர் கோயில் பக்கம் நிற்கவே முடிந்திருக்காது. அவ்வளவு இரைச்சல்.

கத்தின சத்தம் பூச்சி மேல் பட்டுத் திரும்பி வர வேண்டும். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஒரு பூச்சி 1.7 மீட்டர் தள்ளி இருந்தால், எதிரொலி திரும்பி வர விநாடியில் நூறில் ஒரு பங்கு. 17 சென்டிமீட்டர் என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்தக் கணக்கைப் பறந்துகொண்டே, தலைகீழாகத் திரும்பிக்கொண்டே அது போடுகிறது. நாம் டீக்கடையில் சில்லறை எண்ணவே இரண்டு தடவை யோசிக்கிறோம்!

சும்மா தேடும்போது விநாடிக்குப் பத்து கூப்பாடு மாதிரி போகும். ஏதாவது தட்டுப்பட்டால் வேகம் எடுக்கும். இருபது, ஐம்பது... பிடிக்கிற கடைசி நொடியில் விநாடிக்கு இருநூறு வரைக்கும். அதற்கென்று கருவி வைத்துக் கேட்டால் 'டர்ர்ர்' என்று துணி கிழிகிற மாதிரி இருக்கும். அத்தனை உரக்கக் கத்தினால் சொந்தக் காதே செவிடாகாதா? ஆகாது. கத்துகிற கணத்தில் நடுக்காதில் ஒரு குட்டித் தசை இறுகி ஒலியைக் குறைக்கிறது, உடனே தளர்ந்து எதிரொலியைக் கேட்கவிடுகிறது.

இதைக் கண்டுபிடிக்கத்தான் மனுஷன் படாத பாடு பட்டான். 1793-ல் இத்தாலியில் ஸ்பல்லன்ஸானி என்ற பாதிரியார் வௌவாலின் கண்ணை மறைத்தும் அது ஜோராகப் பறந்ததைப் பார்த்தார். ஜெனீவாவில் ழூரின் என்பவர் காதை அடைத்தார், முட்டி மோதி விழுந்தது. அப்படியானால் காதால் பார்க்கிறதா என்று ஊரே சிரித்தது. 1938-ல் அமெரிக்காவில் டொனால்டு கிரிஃபின் என்ற மாணவர், நம் காதுக்கு எட்டாத ஒலியைப் பிடிக்கிற கருவியின் முன்னால் வௌவாலைக் கொண்டுபோய் நீட்டிய பிறகுதான் சிரிப்பு அடங்கியது. நூற்று நாற்பது வருஷ லேட்!

ஆனால் இந்தக் கதையில் நம்ம ஊர்ப் பங்கு ஒன்று இருக்கிறது. கொடும்பாளூரிலிருந்து அதே ரோட்டில் தெற்கே போனால் மதுரை. அங்கே காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் என்ற பேராசிரியர், கீழக்குயில்குடி குகையில் வௌவால்களோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டியவர். அவருடைய மாணவர் மாரிமுத்து. ஜெர்மனியிலிருந்து நொய்வைலர், ஹாபெர்ஸெட்ஸர் என்று விஞ்ஞானிகள் வந்து இவர்களோடு சேர்ந்துகொண்டார்கள்.

ஹாபெர்ஸெட்ஸர் கவனித்தது எலிவால் வௌவாலை. எலிக்கு இருக்கிற மாதிரி நீள வால், பாழடைந்த கட்டடங்களில் தொங்கும். தனியாகப் பறந்தால் ஒரே சுருதியில் கத்தும். கூட்டமாகப் பறந்தால் சுருதியைக் கொஞ்சம் ஏற்றியும் இறக்கியும் பிரித்துக்கொள்ளும். ஒருத்தர் எதிரொலி இன்னொருத்தர் காதில் விழுந்து குழப்பக் கூடாதாம். இதை 1981-ல் எழுதினார். தேர்தல் நேரத்தில் நாலு கட்சி மைக்செட்டை ஒரே தெருவில் கேட்டவர்களுக்கு இந்த நாகரிகத்தின் அருமை தெரியும்.

மாரிமுத்துவும் நொய்வைலரும் எடுத்துக்கொண்டது வேறு ஆசாமி. தலைக்கு மேலே சேர்ந்தே இருக்கிற இரண்டு பெரிய காது, பழைய கோயில்களிலும் குகைகளிலும் குடித்தனம். தவளை, பல்லி, சுண்டெலி, சில சமயம் குட்டி வௌவாலையே தின்னும். பக்கா அசைவம்! மற்ற வௌவால் மாதிரி இது உரக்கக் கத்தாது. கிசுகிசுக்கும். ஆபீஸில் இப்படி ஒருத்தர் இருப்பாரே, தானும் பேச மாட்டார், அடுத்தவர் பேசுவது ஒன்று விடாமல் கேட்பார்... அந்த ரகம்.

பெரிய கூண்டில் தவளைகளை விட்டுப் பார்த்தார்கள். அசையாமல் உட்கார்ந்த தவளையை அது சட்டை செய்யவில்லை. தத்தினால் தீர்ந்தது! சரி, செத்த தவளையைத் தரையில் இழுத்துப் பார்ப்போம் என்றார்கள். சரசரப்பு கேட்டதும் பாய்ந்தது. சத்தமே எழாதபடி இழுத்தால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆக, 'இது எதிரொலியை வைத்து இரை தேடவில்லை, இரை போடுகிற சத்தத்தைக் கேட்டே பிடிக்கிறது' என்று 1987-ல் எழுதினார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இதற்கு அப்புறம் நடந்ததுதான். அதே மாரிமுத்து கூட்டாளிகளோடு தண்ணீரில் சோதித்தார். தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு சும்மா இருக்கிற தவளையை அது எதிரொலியை வைத்தே கண்டுபிடித்துத் தூக்கியது! அசையாத தண்ணீர் ஒலிக்குக் கண்ணாடி மாதிரி. சத்தத்தை அந்தப் பக்கமாகத் தள்ளிவிடும், திரும்ப அனுப்பாது. நடுவே தவளைத் தலை மட்டும் பதில் சொல்லும். கரடுமுரடான தரையில் எல்லாமே பதில் சொல்வதால் தவளை எது, கல் எது என்று தெரிவது கஷ்டம். இது வந்தது 1995-ல். அப்புறம் 2000-ல் ஜெர்மனி ஆய்வாளர்கள், தரையிலேயே சத்தம் போடாத இரையையும் அது எதிரொலியால் கண்டுபிடிக்கும் என்று காட்டினார்கள். வேறு வேறு வித்தைகள், இடத்துக்குத் தகுந்த மாதிரி.

நான் இதையெல்லாம் சொல்லச் சொல்ல, சைக்கிளை எடுத்த பெரியவர் நின்றுவிட்டார். "தம்பி, நாத்தம் தாங்கலைன்னு சொல்றவங்கதான் இங்க வருவாங்க. இத்தனை சங்கதி இருக்கா இந்த வவ்வாகிட்ட?" என்றார்.

நாற்றம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் பழைய மண்டபத்துக்குத் திருப்பணி என்றதும் முதல் காரியமாகப் புகை போட்டு, வலை கட்டி இவற்றைத்தான் விரட்டுகிறோம். வேறு வீடு? கான்கிரீட் கூரையில் தொங்க இடம் கிடையாது. 1972 வனவிலங்குச் சட்டத்தில் பழந்தின்னி வௌவாலைக் காக்காய், எலியோடு சேர்த்து 'தொல்லை' பட்டியலில் வைத்திருந்தார்கள், 2022 திருத்தத்தில்தான் அந்தப் பட்டியலே போனது. பூஜை இல்லாத மூவர் கோயில் மாதிரி இடங்களில் புகையும் இல்லை, விளக்கும் இல்லை. வௌவாலுக்கு அதைவிட நல்ல வாடகை வீடு எங்கே கிடைக்கும்?

போகிறவர்கள் மழைக்காலத்தில் போங்கள். வயலில் தண்ணீர் நிற்கும், தவளை கச்சேரி நடக்கும். டார்ச்சை அணைத்துவிடுங்கள். செல்போன் வெளிச்சமும் வேண்டாம். இருட்டு பழகக் கால் மணி நேரமாவது ஆகும். எங்கள் நண்பர் அதற்குள் மூன்று தடவை பஸ் டைம் கேட்டார். நாலாவது தடவை கேட்க வாயைத் திறந்தபோது அவர் காதோரம் ஒன்று உரசாமல் போயிற்று. அப்புறம் பஸ்ஸைப் பற்றிப் பேச்சே இல்லை.