ரெண்டு மில்லி வித்தியாசம்

எங்க பிக்கப் வண்டிக்கு வயசு பதினொண்ணு. சீசன்ல ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி லோடு, மத்த நாள்ல உரம், தீவனம், வேலையாள் எல்லாத்துக்கும் அது ஒண்ணுதான். லோடு வண்டியில ஆள் ஏத்தக்கூடாதுன்னு எனக்கும் தெரியும். ஆனாலும் ஏத்திக்கிட்டுத்தான் இருந்தேன்.

போன பொங்கலுக்குக் கோயம்புத்தூர்ல இருந்து வந்த மகன், நாலு அலாய் வீல் கொண்டுவந்து இறக்கினான். முதல் சம்பளத்துல வாங்கினது. ஏதோ ஜெர்மன் காரில் கிடந்த வீல், டயரோட செகண்ட் ஹேண்ட். "அஞ்சு போல்ட்டுதான்பா, நம்ம வண்டிக்கும் அஞ்சு. நடு ஓட்டையைக்கூட லேத்துல கடைஞ்சே கொடுத்துட்டாங்க"ன்னான். அவன் முகத்துல இருந்த சந்தோஷத்தைப் பார்த்துட்டு நான் என்னத்தைச் சொல்ல?

வழக்கமா வண்டி பார்க்கிற மெக்கானிக் அண்ணன்கிட்ட நான் மட்டும் போனேன். அவர் ஒரு வீலைத் தூக்கி வச்சுப் பார்த்தார். உள்ள போச்சு. கழட்டிட்டு வெர்னியரை எடுத்து அளந்தார். "தம்பி, இது வேண்டாம்"னார்.

அன்னைக்கு அவர் சொல்லித்தான் எனக்கே புரிஞ்சது. அஞ்சு ஓட்டையோட மையத்தையும் தொட்டு ஒரு வட்டம் போட்டா, அதோட விட்டம்தான் பி.சி.டி. எங்க வண்டிக்கு அது 114.3 மில்லிமீட்டர், அதாவது சரியா நாலரை அங்குலம். அந்த ஜெர்மன் வீலுக்கு 112. வித்தியாசம் 2.3 மில்லி. பக்கத்துப் பக்கத்து ஓட்டையை அளந்தா ஒண்ணரை மில்லிகூட வராது. சாதா டேப்புல பிடிபடவே பிடிபடாது.

"உள்ள போயிருச்சே அண்ணே?"

"போகும் தம்பி. நிக்காது."

ஓட்டை கொஞ்சம் பெருசா இருக்கிறதால ஸ்டட் நுழைஞ்சிருது. ஆனா நட்டை முறுக்க முறுக்க ஒவ்வொரு ஸ்டட்டும் பக்கவாட்டுல வளையும். போதாததுக்கு, அந்த வீலோட குழி பந்து மாதிரி உருண்டை, எங்க நட்டோட முனை கூம்பு. ரெண்டும் முழுசா உட்காராது. வீலை நட்டு ஹப்போட இறுக்கிப் பிடிக்கணும், அந்தப் பிடிதான் பாரத்தைத் தாங்கும். பிடி இல்லேன்னா பாரம் பூரா ஸ்டட் மேல வரும், ஒவ்வொரு சுத்துக்கும் அது கொஞ்சம் வளைஞ்சு நிமிரும். கம்பியை முன்னும் பின்னும் மடக்கி ஒடிக்கிற மாதிரிதான்.

எல்லாம் கேட்டுக்கிட்டேன். கேட்டுட்டு, வேற கடைக்குப் போய் மாட்டிட்டு வந்தேன். மகன் போட்டோ எடுத்தான்.

மாசி மாசம் பின்பக்கம் இடது வீல்ல 'டக் டக்'னு சத்தம் ஆரம்பிச்சது. ஸ்பேனர் மேல ஏறி நின்னு முறுக்கினேன். ரெண்டு நாள் சத்தம் இல்லை. திரும்ப வந்தது, திரும்ப முறுக்கினேன். மகன்கிட்டச் சொல்லலை.

ஒரு சாயங்காலம் களையெடுத்த ஆறு பொம்பளைங்களைக் காலனியில இறக்கிவிட்டுட்டு, தோட்டத்து மண்பாதையில திரும்பினேன். வண்டி ஒரு பக்கமா இழுத்துது, 'பட்'னு ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தா ரெண்டு ஸ்டட் ஒடிஞ்சு போச்சு, மூணாவது நட்டைக் கையாலயே சுத்தலாம். இதுவே பத்து நிமிஷம் முன்னாடி, மெயின் ரோட்டுல, அந்த ஆறு பேரும் பின்னாடி நிக்கையில நடந்திருந்தா? கால் நடுங்கி வரப்புலயே உட்கார்ந்துட்டேன்.

பழைய இரும்பு வீல்களை விக்காம மோட்டார் ரூம்ல போட்டிருந்தேன். மெக்கானிக் அண்ணன் ஒரு வார்த்தை திட்டலை. நாலு சக்கரத்துக்குமா இருபது ஸ்டட்டையும் மாத்திட்டு, "அம்பது கிலோமீட்டர் ஓடினதும் வா, இன்னொரு தடவை முறுக்கிப் பார்க்கலாம்"னார். ஆள் ஏத்துறதை அன்னையோட விட்டுட்டேன். களையெடுக்க வர்றவங்களுக்கு இப்ப ஷேர் ஆட்டோ பேசிவிட்டிருக்கேன்.

அடுத்த தடவை ஊருக்கு வந்த மகன் வண்டியைப் பார்த்துட்டு, "அலாய் எங்கப்பா?"ன்னான். ஒடிஞ்ச ஸ்டட்டை அவன் கையில கொடுத்து, மெக்கானிக் அண்ணன் முதல் நாளே சொன்னதுல இருந்து எல்லாத்தையும் சொன்னேன். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கிட்டிருந்தான்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேப்பா"ன்னான்.