எழுபத்திரண்டு வருடக் கத்தி

சிங்கப்பூரிலிருந்து வந்த மைத்துனர் எனக்கு ஒரு சவரக் கத்தி கொண்டுவந்தார். ஜெர்மனியில் சோலிங்கன் நகரத்துச் சரக்கு. நம்மூர்க் கணக்கில் 12,000 ரூபாய். தோல்வாரும் தீட்டுக்கல்லும் சேர்ந்து இன்னொரு 3,000. விலையைக் கேட்ட என் மனைவி பெட்டியை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டப் பார்த்தாள். பூட்டியிருக்கலாம். முதல் நாள் காதுக்குக் கீழே கீறிக்கொண்டேன். இரண்டாம் நாள் முடியை வெட்டாமல் பிடுங்கியது. மூன்றாம் நாள், திங்கட்கிழமை மதியம், கத்தியைத் துண்டில் சுற்றிக்கொண்டு திருச்சி தென்னூருக்குக் கிளம்பினேன்.

உழவர் சந்தையைத் தாண்டி ஒரு சந்துக்குள் இரண்டு நாற்காலி போட்ட சலூன். ஞாயிற்றுக்கிழமை போனால் பேச முடியாது. திங்கள் மதியம் கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். அவருக்கு அறுபத்தைந்து வயது. எனக்கு இருபது வருடப் பழக்கம். எழுதப்போகிறேன் என்றதும், "பேரு போட்டுடாதீங்க தம்பி, பசங்க செல்போனத் தூக்கிட்டு வந்து நிப்பானுங்க" என்றார்.

கத்தியை வாங்கி டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு விளிம்பை நுனிவரை பார்த்தார். கட்டைவிரல் நகத்தில் பூப்போல வைத்து இழுத்தார்.

"நல்ல இரும்பு. ஆனா இன்னும் சவரக் கூர் ஏறல. கம்பெனில இம்புட்டுதான் வெச்சு அனுப்புவான். மீதி நம்மதான் வைக்கணும்."

பிறகு மேசையின் அடி இழுப்பறையிலிருந்து தன் கத்தியை எடுத்தார். தேங்காய் எண்ணெய்த் துணியில் சுற்றியிருந்தது. அவருடைய அப்பா வாங்கியதாம். என் கத்தியோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். என்னுடையதில் பாதி அகலம்தான் இருந்தது. நடுப்பகுதி லேசாக உள்வாங்கி, தேய்ந்த அரிவாள்மணைபோல வளைந்திருந்தது. கல்லில் தீட்டித் தீட்டியே போன இரும்பு அது.

அவர் அப்பா அடைப்பத்தை, அதாவது சவரப் பையை, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் தெருத்தெருவாகப் போனவர். வாசல் வழியாக இல்லை, கொல்லைப்புறமாக. கூலி பாதி காசு, பாதி நெல். வழித்து முடித்ததும் அந்த வீட்டுக்காரர் குளித்துவிட்டுத்தான் உள்ளே போவார். இதை மாற்றியது பிளேடு மாட்டும் ஷேவிங் செட். கிங் ஜில்லெட் என்ற அமெரிக்கர் அதை விற்க ஆரம்பித்த 1903இல் மொத்தமே 51 செட், 168 பிளேடுதான் விற்றது. அது நம்மூர்க் கண்ணாடி மாடங்களுக்கு வந்து சேர்ந்தபோது கொல்லைப்புற வேலை போய்விட்டது என்று கைவினைப் பிரியர்கள் வருத்தப்படுவதுண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை. போனது மட்டுமா நடந்தது? வீடு தேடிப் போனவர்கள் கடை போட்டார்கள்; வீட்டுக்குள் விடாதவர்களின் பிள்ளைகள் கடைப்படி ஏறி வந்து கழுத்தை நீட்டினார்கள். பெரியவரிடம் இதைச் சொன்னேன். "எங்கப்பாரு கடை போட்ட அன்னிக்கு நாற்காலிக்குக் கற்பூரம் காட்டுனாரு" என்றார், தீட்டுவதை நிறுத்தாமலே.

தீட்டியதைச் சொல்ல வேண்டும். கல்லில் தண்ணீர் தெளித்து, கத்தியைப் படுக்கவைத்து, வெட்டும் விளிம்பு முன்னால் போக ஓட்டினார். கால் மணி நேரம். பிறகு நாற்காலிக் கைப்பிடியில் தோல்வாரை மாட்டி இழுத்துப் பிடித்தார். "வார்ல மட்டும் முதுகு முன்னால போகணும். திருப்புறப்போ முதுகு மேலயே புரட்டு. கூர்ப்பக்கம் புரட்டுனியோ, வார் அறுந்துடும்." அறுபது இழுப்பு எண்ணினேன். முதலில் சரசரவென்று இருந்த சத்தம் போகப்போகத் துணி உரசுவதுபோல ஆகிவிட்டது. முன்கையில் நாலு முடியைச் சிரைத்துக் காட்டினார். ஒவ்வொரு சவரத்துக்கு முன்னும் வாரில் இப்படித் தேய்க்க வேண்டுமாம். சில மாதத்துக்கு ஒருமுறை கல்.

"இதுலயே எனக்கு வழிச்சுவிடுங்கண்ணே" என்றேன்.

"மாட்டேன்."

காரணம் பழையது. இந்தியாவில் எச்ஐவி தொற்று முதலில் கண்டுபிடிக்கப்பட்டது சென்னையில், 1986இல், டாக்டர் சுனிதி சாலமன் குழுவால். அடுத்த சில வருடங்களில் அந்தப் பயம் சலூன்களுக்குள் வந்து உட்கார்ந்தது. ஒரே கத்தியால் பத்துக் கழுத்து என்பது முடிவுக்கு வந்தது. டெட்டாலில் முக்கிப் பார்த்தார்கள், வாடிக்கையாளர்கள் நம்பவில்லை. கத்தியின் உருவம் மட்டும் அப்படியே இருக்க, அதன் வாயில் அரை பிளேடைச் செருகும் ரேசர் வந்தது. இன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் திதி கொடுக்க வருகிறவர்களுக்கு வழிக்கிறவர்களிடமும் அதுதான். திருப்பதியில் மொட்டைக்கு டோக்கனோடு அரை பிளேடையும் கையில் கொடுக்கிறார்கள்.

பெரியவர் புது பிளேடை எடுத்து, காகிதத்தோடு மடக்கென்று இரண்டாக உடைத்தார். ஒரு பாதி ரேசருக்குள் போனது. கன்னத்தில் தண்ணீரைத் தடவி, பிரஷ்ஷால் நுரை ஏற்றி, அப்படியே விட்டுவிட்டு டீ சொல்லப் போனார். அவசரத்தில் நான் வீட்டில் செய்யாதது இதுதான். அவர் வருவதற்குள் எப்போதோ படித்தது ஞாபகம் வந்தது. அமெரிக்காவில் எம்ஐடி ஆராய்ச்சியாளர்கள் 2020இல் ஒன்று கண்டுபிடித்தார்கள்: பிளேடு எஃகைவிட முடி ஐம்பது மடங்கு மென்மை, ஆனாலும் முடி ஒரு பக்கமாக வளைந்து கொடுக்கும்போது பிளேடு விளிம்பில் சில்லு பெயரக்கூடும். திரும்பி வந்தவரிடம் சொன்னேன். "அதுக்குத்தான ஊறப்போடுறது. இத ஆராய்ச்சி வேற பண்ணணுமா?"

இடது கட்டைவிரலால் தோலை இழுத்துப் பிடித்து இறக்கி ஒரு தடவை, மறுபடி நுரை போட்டு ஏற்றி ஒரு தடவை. தொண்டைக் குமிழுக்கு வந்தபோது மட்டும் "எச்சில் முழுங்காதீங்க" என்றார். படிகாரக் கல்லைத் தேய்த்தபோது எங்கும் எரியவில்லை. அறுபது ரூபாய்.

இப்போதெல்லாம் முழுச் சவரத்துக்கு வருகிறவர்கள் குறைவாம். 2020 ஊரடங்கில் டிரிம்மர் வாங்கியவர்களில் பாதிப்பேர் திரும்பவில்லையாம். இளைஞர்கள் தாடிக்கு லைன் போட வருகிறார்கள். கத்தி பிடித்த கைக்கு மிச்சமிருக்கும் நுணுக்கம் அந்த லைனில்தான்.

பஸ்ஸில் கணக்குப் போட்டேன். வீட்டு ஷேவிங் செட்டில் வாரம் ஐந்து ஷேவிங், ஒரு பிளேடு ஐந்துக்கு வரும், பிளேடு 4 ரூபாய். வருடத்துக்கு 208 ரூபாய். என் 15,000 ரூபாய்க் கத்தி இந்த ஷேவிங் செட்டிடம் முதலை மீட்க 72 வருடம் வேண்டும். அப்போது எனக்கு 123 வயது. ஒன்று 200 ரூபாய் என்று மாதம் இரண்டு கார்ட்ரிட்ஜ் வாங்குகிறவருக்குச் சுமார் மூன்று வருடத்தில் முதல் வந்துவிடும். கத்தி லாபம் என்று வெளிநாட்டுக்காரர்கள் சொல்வது இந்தக் கணக்கில்தான். நம்மூரில் நாலு ரூபாய் பிளேடு இருக்கும்வரை அது எடுபடாது. நான் வியந்த அந்தச் சவரத்தைச் செய்ததும் மூன்று இன்ச் இரும்பு இல்லை, இரண்டு ரூபாய் அரை பிளேடு.

கத்தி பீரோவுக்குப் போய்விட்டது. தினப்படிக்கு ஷேவிங் செட், வாரம் ஒரு நாள் தென்னூர் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். நீங்களும் போனால், பிளேடை உங்கள் கண்முன்னே உடைக்கிறார்களா என்று பாருங்கள். செவ்வாய்க்கிழமை போகாதீர்கள், கடை கிடையாது.