திண்டிவனம்–புதுச்சேரி சாலையில் கேமரா வண்டி

தமிழ்நாட்டு நெடுஞ்சாலைகளில் ஓட்டுநர்கள் ‘கேமரா வண்டி’ என்று சொல்வது, வேகத்தை அளக்கும் ‘ஸ்பீடு கன்’ பொருத்திய காவல்துறை இன்டர்செப்டர் வாகனத்தை. நிலையாகக் கம்பத்தில் நிற்கும் கேமராவின் இடம் அந்த வழியில் போய்வருபவர்களுக்கு இரண்டே பயணத்தில் தெரிந்துவிடும். இந்த வண்டி இன்று ஒரு புளியமரத்தடியில் நிற்கும், நாளை பாலத்தின் இறக்கத்தில் நிற்கும். எதிரே வருகிற லாரிக்காரர் இரண்டு முறை லைட் அடித்துக் காட்டினால்தான் முன்கூட்டித் தெரியும்.

திண்டிவனத்தில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை விட்டுப் பிரியும் நான்குவழிச் சாலை ஓமந்தூர், கிளியனூர், தைலாபுரம், திருச்சிற்றம்பலம் கூட்டுரோடு, மொரட்டாண்டி சுங்கச்சாவடி வழியாகப் புதுச்சேரியை அடைகிறது. மொத்தம் 40 கிலோமீட்டருக்குள்தான். இதன் தென்பாதி வானூர் வட்டத்தில் வருகிறது. செம்மண், முந்திரித் தோப்பு, சவுக்கு. மேடு பள்ளம் அதிகமில்லை. சென்னையிலிருந்து இரண்டு மணி நேரம் வேகமாகவே வந்த கால், இந்தச் சாலையில் திரும்பிய பிறகும் ஆக்ஸிலேட்டரை விட்டு எழுவதில்லை. வெறும் பாதை நீள்வதுபோலத் தோன்றும் இடத்தில் மீட்டர் முள் 110-ஐத் தாண்டியிருப்பது ஓட்டுபவருக்கே தெரியாது.

ஆனால் இது வெறும் பாதை அல்ல. திருவக்கரையில் இரண்டு கோடி ஆண்டுப் பழமையான கல்மரங்கள் கிடக்கின்றன. அதே பகுதியில் கல்குவாரிகளும் கிரஷர்களும் உள்ளன. ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரிகள் பக்கச் சாலைகளிலிருந்து மெதுவாக வந்து சேர்கின்றன. சாலை ஊர்களை இரண்டாகப் பிரித்திருப்பதால் ஒரு பக்கம் வீடு, மறுபக்கம் நிலம். புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நடுத்திட்டின் இடைவெளியில் நிற்கும் பெண் ஒரு பக்கச் சாலையைக் கடக்க ஏறத்தாழ 6 நொடி ஆகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் அந்த 6 நொடியில் 100 மீட்டர் நகரும். 100 கிலோமீட்டர் வேகத்தில் 167 மீட்டர். அவர் கண்ணால் தூரத்தைக் கணக்கிடுகிறார், வேகத்தை அல்ல. ‘வண்டி தூரத்தில்தானே வருகிறது’ என்று காலை எடுத்து வைத்தபின் அந்த 67 மீட்டர் வித்தியாசம் அவருக்கு உயிர்ப் பிரச்சினை. கார் மோதும் வேகம் 50-லிருந்து 65 ஆனால் நடந்து செல்பவர் இறக்கும் அபாயம் நாலரை மடங்காகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் பத்துக்கு ஏழு உயிர் அதிவேகத்தால் போனது.

ஸ்பீடு கன் இரண்டு வகை. ரேடார் கருவி அனுப்பும் அலை, வண்டியில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் மாறுகிறது. அந்த மாற்றத்திலிருந்து வேகம் கிடைக்கிறது. 1842-இல் டாப்ளர் விளக்கிய விதி இது. ரேடார் கற்றை விரிந்து போவதால், பக்கம் பக்கமாக ஓடும் வண்டிகளில் எதன் வேகம் என்ற குழப்பம் வரலாம். லேசர் கருவிக்கு அந்தச் சிக்கல் குறைவு. கண்ணுக்குத் தெரியாத ஒளித் துடிப்புகளை ஒரே வண்டியின் நம்பர் பிளேட்டைக் குறிவைத்து அனுப்பி, ஒவ்வொன்றும் திரும்பிவர ஆகும் நேரத்தைக் கொண்டு தூரம் குறைந்து வருவதை அளக்கிறது. நொடியில் மூன்றில் ஒரு பங்கு போதும். அதற்குள் 100-இல் வரும் கார் 9 மீட்டர் நெருங்கியிருக்கும். கருவி சாலையோரத்தில் சற்றுக் கோணலாக நிற்பதால் கையில் பிடித்து அளக்கும் வேகம் உண்மையைவிடக் குறைவாகவே விழும்: 10 பாகைக் கோணத்தில் 100 என்பது 98.5 ஆகும். கோணலால் வரும் பிழை ஓட்டுநருக்குச் சாதகமானது.

சாலை வேகத்தைப் படம்பிடிக்கும் கேமராவைப் பரவச் செய்தவர் மாரிஸ் கட்சோனிடிஸ் என்ற டச்சுக்காரர். 1953 மான்டி கார்லோ கார் பந்தயத்தில் வென்றவர். வளைவில் இன்னும் வேகமாகப் போக வேண்டும் என்று தன் வேகத்தை அளக்கச் செய்த கருவிதான் பிறகு காவல்துறையின் கைக்குப் போனது.

இந்தியாவில் இந்த வேகக் கண்காணிப்புக்குச் சட்டப் பின்புலம் 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 136ஏ பிரிவு. மின்னணுக் கண்காணிப்பு நடைமுறைக்கு வர வேண்டும் என்ற அழுத்தத்தைக் கோவை எலும்புமுறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் தொடர்ந்து தருகிறது. 2021 ஆகஸ்டில் வந்த 167ஏ விதி கருவியை நம்பத்தக்கதாக்கும் நிபந்தனைகளைச் சொன்னது. கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்புதல் சான்று வேண்டும். கண்காணிப்பு உள்ள இடத்துக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும். நம்பர் பிளேட் தெரியும் படம், அளந்த வேகம், தேதி, நேரம், இடம் எல்லாம் குற்ற அறிவிக்கையில் இருக்க வேண்டும்; அதைக் குற்றம் நடந்த 15 நாளுக்குள் அனுப்ப வேண்டும். இவற்றில் பலகைதான் முக்கியம். பலகையைப் பார்த்து ஒருவர் காலைத் தளர்த்தினால் கேமராவின் வேலை பாதி முடிந்தது. அதனால் ஆளில்லாத இறக்கத்தில் மறைந்து நிற்பதைவிட, கூட்டுரோட்டுக்கும் ஊர்க் கடப்புக்கும் முன்னால் தெரியும்படி நிற்பதே நியாயம்.

நான்குவழிச் சாலையில் காருக்குப் பொது உச்சவரம்பு 100, சரக்கு லாரிக்கு 80. ஊர் வரும் இடத்தில் பலகையில் உள்ள குறைந்த எண்ணே செல்லும். மீறினால் 183-ஆம் பிரிவின்படி கார், ஆட்டோ போன்ற இலகு வாகனத்துக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை, நடுத்தர, கனரக வாகனத்துக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் வரை அபராதம். மறுமுறை மாட்டினால் ஓட்டுநர் உரிமத்தையும் பறிமுதல் செய்யலாம்.

இ-சலான் எனும் மின்னணு அபராதச் சீட்டின் குறுஞ்செய்தி வாகனப் பதிவில் உள்ள செல்போன் எண்ணுக்குத்தான் போகும், ஓட்டியவருக்கு அல்ல. வாகன எண்ணைக் கொடுத்து அரசின் இணையதளத்தில் படத்தைப் பார்க்கலாம், பணம் கட்டலாம். ஏற்காதவர் மறுக்கலாம். அண்ணனின் காரை வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி போய்வந்தவர் எல்லாம் நல்லபடி முடிந்ததாக நினைத்திருப்பார். அண்ணனின் போனில் கிளியனூர்ப் பக்கத்துச் சாலையும் காரும் 112 என்ற எண்ணும் வந்திருக்கும்.