புழுவின் நாட்காட்டி

பிள்ளைகளே, காத்திருப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று நினைக்கிறீர்கள். நான் பூச்சியியல் படித்தவன். ஆப்பிள் தோட்டக்காரர்கள் காத்திருக்கும் விதத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் யாக்கிமா, வெனாச்சி பக்கமெல்லாம் ஆப்பிள்தான் பிழைப்பு. அங்கே பெரிய பகை காட்லிங் அந்துப்பூச்சி. அதன் புழு முட்டையை விட்டு வந்ததும் கொஞ்ச நேரம்தான் வெளியில் ஊரும். பழத்தைத் துளைத்து உள்ளே போய்விட்டால் எந்த மருந்தும் எட்டாது. அந்தச் சிறிய இடைவெளிதான் விவசாயிக்குக் கிடைக்கும் வாய்ப்பு.

அது எப்போது வரும் என்று தெரியாத காலத்தில், பயத்தில் திரும்பத் திரும்ப மருந்தடித்தார்கள். ஈய ஆர்சனேட் என்ற கொடிய நஞ்சைப் பல பத்தாண்டுகள் கொட்டினார்கள். அந்தப் பழைய தோட்ட மண்ணில் ஈயமும் ஆர்சனிக்கும் இன்றும் கிடக்கின்றன. தோட்டம் போய் வீடுகள் வந்த இடங்களிலும் அந்த நஞ்சு போகவில்லை. அவசரமும் பயமும் சேர்ந்து செய்த வேலை தலைமுறைகளைத் தாண்டியும் நிற்கிறது. எனக்கு இதை நினைத்தால் இப்போதும் மனசு கொதிக்கிறது.

விடை புழுவிடமே இருந்தது. பூச்சிக்குத் தன் உடம்பில் சூடு கிடையாது. சுற்றியுள்ள வெப்பம்தான் அதை வளர்க்கிறது. காட்லிங் பூச்சி 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே வளராது. 31 டிகிரிக்கு மேல் எவ்வளவு காய்ந்தாலும் அதன் வேகம் கூடாது. ஒரு நாளின் உச்ச வெப்பம் 24, குறைந்தது 12 என்றால் சராசரி 18. அதில் 10 போக மிச்சம் 8. அன்றைக்குப் பூச்சி சேர்த்த கணக்கு 8 டிகிரி-நாள். இரவில் 10-க்குக் கீழே இறங்கினால் கணக்கு கொஞ்சம் நுணுக்கமாகும். அதற்கு அட்டவணைகள் உண்டு. வெப்பத்தைக் கூட்டிப் பார்க்கும் இந்த யோசனையைப் பிரான்சின் அறிவியலாளர் ரெயோமூர் 1735-லேயே பயிர்களுக்குச் சொல்லிவிட்டார்.

எண்ணத் தொடங்கும் நாள்தான் முக்கியம். இனக்கவர்ச்சிப் பொறியில் ஆண் பூச்சிகள் தொடர்ந்து விழத் தொடங்கும் நாளை முதல் நாளாக வைப்பார்கள். அங்கிருந்து ஏறத்தாழ 140 டிகிரி-நாள் சேரும்போது முட்டைகள் பொரியத் தொடங்கும். வசந்தம் குளிர்ந்தால் அதற்கு நாள் கூடும், வெயிலடித்தால் குறையும். தேதி மாறும், அந்தக் கூட்டுத்தொகை பெரிதாக மாறாது.

இதை உங்களுக்கு ஏன் சொல்கிறேன்? கூடப் படித்தவனுக்கு வேலை கிடைத்துவிட்டது, அத்தை மகளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது என்று நாட்காட்டியைப் பார்த்துக் குமைகிறீர்கள். அவரவருக்குக் கிடைத்த வெயில் வேறு. ஒரே பள்ளத்தாக்கில் சரிவில் இருக்கும் தோட்டத்துக்கும் குளிர்காற்று தேங்கும் தாழ்ந்த தோட்டத்துக்கும் கணக்கு ஒன்றாக வராது. பக்கத்துத் தோட்டக்காரன் மருந்தடிக்கிறான் என்று தானும் அடிப்பவன் காசையும் இழப்பான், பழத்தையும் இழப்பான். குளிர்ந்த நாளில் அன்றைய கணக்கு பூஜ்யமாகவே நிற்கலாம். அன்றும் அதை எழுதி வைக்கிறானே, அவன்தான் காத்திருக்கத் தெரிந்தவன். கூட்டுத்தொகை நிறைந்ததும் அவன் தயங்கவும் மாட்டான். தயங்கினால் புழு பழத்துக்குள் போயிருக்கும்.

இன்று வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகமே வானிலை நிலையங்களின் அளவுகளை வைத்து இந்தக் கணக்கைப் போட்டுத் தருகிறது. ஆனாலும் நல்ல விவசாயி பொறியைத் திறந்து பார்க்கிறான். காய்களைத் திருப்பித் திருப்பித் துளை இருக்கிறதா என்று தேடுகிறான். கணக்கு எந்த வாரம் பார்க்க வேண்டும் என்று சொல்லும். பார்ப்பது மனிதன் வேலை.

நீங்களும் ஒரு நோட்டு வாங்குங்கள். இன்று என்ன கற்றேன், என்ன செய்தேன் என்று ஒரு வரி எழுதுங்கள். ஒன்றுமே நடக்காத நாளையும் விடாமல் எழுதுங்கள்.