பெயரும் விலாசமும்

எமது சங்கத்தின் பழைய மலர்களுக்கென ஓர் இணையத்தளம் உண்டு. அதனை முன்னர் அமைத்தோர், ஒவ்வொரு பக்க வார்ப்புருவிலும் கட்டுரைகளின் விலாசங்களை நேரடியாகவே எழுதிவைத்திருந்தனர். 'மலர்' என்றிருந்த பாதை 'இதழ்' என மாற்றப்பட்டதும் இணைப்புகள் யாவும் அறுந்தன. கலைப்பீட மாணவனாகிய நான் அவற்றைத் திருத்தப் புகுந்தபோதே, பெயர் வேறு விலாசம் வேறு என்பது புலனாயிற்று.

அத்தளம் ஜாங்கோ என்னும் சட்டகத்தில் அமைந்தது. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்துப் பத்திரிகை நிறுவனமொன்றிற் பிறந்து, 2005இல் வெளியிடப்பட்டது அச்சட்டகம். அதில் ஒவ்வொரு பாதைக்கும் ஒரு பெயர் சூட்டலாம். வார்ப்புருவில் 'யூஆர்எல்' என்னும் குறியுடன் அப்பெயரையும் கட்டுரையின் எண்ணையும் கொடுத்தாற் போதும். பக்கம் உருவாகும் வேளையில், பாதைப் பட்டியலைப் பார்த்து விலாசத்தைச் சட்டகமே அமைத்துத் தரும். பட்டியலில் ஒரு வரியை மாற்றின் இணைப்புகள் அனைத்தும் உடன் மாறும். இல்லாத பெயரை எழுதினாலோ பக்கமே தோன்றாது, பிழைச்செய்தி எழும். இக்கண்டிப்பை நான் பெரிதும் மதிக்கிறேன். வாசகன் சென்று முட்டும்வரை மௌனமாய்க் கிடக்கும் அறுந்த இணைப்பிலும் இது எவ்வளவோ மேலன்றோ!

ஆயின் இம்முறையின் ஆட்சி தளத்தின் உள்ளே மட்டுந்தான். ஆய்வேடொன்றின் அடிக்குறிப்பில் ஏறிவிட்ட பழைய விலாசத்தை அது காப்பாற்றாது. அவ்வழி வருவோருக்காகப் பழைய பாதைகளையும் பட்டியலில் நிறுத்தி, புதியவற்றுக்குத் திசைதிருப்பி வைத்துள்ளேன்.